லேப்டாப்புக்குப் பின்னால் முப்பத்திரண்டு அட்டைகள்

நான் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தேன். எதிரே எங்கள் சாப்பாட்டு மேஜை. அதன்மேல் இரண்டு குக்கர் பெட்டிகளை அடுக்கி, பெட்டிகளுக்கு மேல் லேப்டாப்பை வைத்திருந்தோம். லேப்டாப்பின் முன்பக்கம் என் மனைவி கனகா. பின்பக்கம் நான். என் மடியில் முப்பத்திரண்டு அட்டைகள்.

மின்விசிறியை நிறுத்தியிருந்தோம், சத்தம் மைக்கில் ஏறும் என்று. மழை பிடிப்பதற்கு முந்தைய மாதம், பிற்பகல் மூன்று மணி, சாத்திய ஜன்னல், மட்டாஞ்சேரி. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கனகா சுடிதாருக்கு மேலே இரவல் வாங்கிய ஒரு கறுப்புக் கோட்டை வேறு மாட்டியிருந்தாள். துணி உலர்த்தும் கொடி தெரியக்கூடாதென்று அவளுக்குப் பின்னால் நீலப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். அந்தப் போர்வையில் நாப்தலின் வாசம் அடித்தது.

அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லம். அங்கே நர்ஸ் வேலைக்கு வீடியோவில் நேர்முகம். கனகா எழுதிப் பாஸான இங்கிலீஷ் தேர்வுச் சான்றிதழ் காலாவதியாக இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. இந்த நேர்முகத்தில் கோட்டைவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தேர்வு, மறுபடியும் கோச்சிங், மறுபடியும் காக்கநாட்டு ஏஜென்சியில் வரிசை. அவளுக்கு நாற்பது வயது. "இன்னொரு தடவை என்னால முடியாதுங்க" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

அட்டை பிடிப்பது எங்கள் சந்தில் புதிதல்ல. எந்த வீட்டில் நர்ஸுக்கு வீடியோ நேர்முகம் என்றாலும் சந்து முழுக்க அடங்கிவிடும். எங்கள் வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜோசப் சேட்டன், நாள் நேரம் கேட்டுச் சுவரில் கரியால் எழுதிக்கொள்வார், அந்த ஒரு மணி நேரம் இயந்திரத்தைத் தொடமாட்டார். வீட்டில் யாராவது ஒருவர் லேப்டாப்புக்குப் பின்னால் அட்டையோடு உட்காருவார். அண்ணன், அப்பா, மாமியார்கூட உட்கார்ந்திருக்கிறார். இப்படி மூன்று பேர் கடல் கடந்து போயிருக்கிறார்கள். அதனால் இது பொய் சொல்வது, ஏமாற்றுவது என்றெல்லாம் எங்களுக்குத் தோன்றியதே இல்லை. கோயிலுக்குப் போகும்முன் குளிப்பதுபோல, அதுவும் ஒரு ஏற்பாடு.

வாலும், வாலுக்குத் துணையும்

அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லும்போதே எரிச்சல் வருகிறது. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் எரிச்சல் பழகியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'பிரேக்' என்றால் உடைப்பது. 'டவுன்' என்றால் கீழே. இரண்டையும் சேர்த்தால் கீழே போட்டு உடைப்பது என்றுதானே வரவேண்டும்? வராது. வண்டி வழியில் நின்றால் 'பிரேக் டவுன்', மனிதன் தாங்காமல் அழுதாலும் 'பிரேக் டவுன்'. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே, சேர்த்தால் கைவிடுவது. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் இப்படி ஒரு வால். வால் மாறினால் ஆளே மாறிவிடுகிறது.

சரி, வாலையாவது மனப்பாடம் செய்துவிடலாம் என்று பார்த்தால், அந்த வாலோடு துணைக்கு இன்னொரு சொல்லும் வரவேண்டுமாம். எப்படிச் செய்தான், எவ்வளவு செய்தான் என்று சொல்கிற சொல். அதிலும் இஷ்டத்துக்கு ஜோடி சேர்க்க முடியாது. குறைப்பது 'கட் டவுன்', அதற்கு 'டிராஸ்டிக்கலி' வரும். மறுப்பது 'டர்ன் டவுன்', அதற்கு 'ஃபர்ம்லி'. இரண்டுக்கும் ஒரே 'டவுன்'தான், ஆனால் ஜோடியை மாற்றிப் போட்டால் கேட்கிறவர் முகம் சுளிப்பார்.

இடமாவது ஒன்றா? 'ஃபர்ம்லி' முன்னால் நிற்கும், 'ஃபர்ம்லி டர்ன் டவுன்'. ஒருவரோடு ஒத்துப்போவது 'கெட் ஆன்', அதற்கு வருகிற 'வெல்' பின்னால்தான் நிற்கும். 'கெட் ஆன் வெல்' என்றால் இங்கிலீஷ், 'வெல் கெட் ஆன்' என்றால் சிரிப்பு. ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் சொல்வார்கள்" என்கிறார்கள். இதைச் சொல்வதற்கு ஒரு கோச்சிங் சென்டர்.

அந்த கோச்சிங் சென்டர் வைட்டிலாவில் இருந்தது. கனகா டியூட்டி முடித்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே அங்கே போய் வருவாள். இரண்டு பக்கமும் அச்சடித்த ஒரு பட்டியல் கொடுத்தார்கள். இதில் குறைந்தது பத்துச் சொல் பேச்சில் வந்தால்தான் எதிரே இருப்பவர் மயங்குவார் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நான்தான் வீட்டில் பாடாய்ப் படுத்தினேன். ஃபிரிட்ஜில் ஒட்டினேன். குளியலறைக் கதவில் ஒட்டினேன். அரிசி டப்பாவில் 'கம்ப்ளீட்லி ரன் அவுட்', முழுக்கத் தீர்ந்துபோவது, என்று எழுதி ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து அரிசி உண்மையாகவே தீர்ந்தது. அவள் அந்தச் சீட்டைக் காட்டிவிட்டுப் பையை எடுத்துக் கொடுத்தாள்.

ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே கனகா சொன்னாள். "நம்ம பாஷையிலயும் இது உண்டுல்லா? விழுந்து விழுந்து சிரிச்சான்னு சொல்றோம். விழுந்து விழுந்து படிச்சான்னும் சொல்றோம். விழுந்து விழுந்து தூங்கினான்னு ஆராவது சொல்லுவாங்களா? நமக்கு யாரு லிஸ்ட் எழுதிக் கொடுத்தா?"

"ஆராவது இல்ல, யாராவது. அப்புறம், அது வேற விஷயம்" என்றேன்.

அது வேறு விஷயமே இல்லை. அவள் சொன்னதுதான் விஷயம். அடியோடு மறப்போம், அடியோடு சாப்பிடமாட்டோம், ஒருவரும் சொல்லித்தராமலே இது நமக்குத் தெரியும். வாயில் போட்டுப் போட்டுத்தான் தெரிந்தது, பட்டியலில் படித்ததல்ல. ஆனால் அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தோசை ஆறுகிறது என்று பேச்சை மாற்றினேன்.

ஹெவிலி சார்

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால், ஒரு சுக்குக் கடிதத்தில் போய் நிற்கும்.

மட்டாஞ்சேரியில் நாங்கள் மூன்றாம் தலைமுறை. தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். அப்பா குடோனில் தராசு பார்த்தார். நான் பி.காம் முடித்து, சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கடிதம் எழுதுகிற வேலையில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் ஏசி அறையில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை பதினோரு நாள் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, சரக்கு அனுப்பியாகிவிட்டது என்று கடிதம் எழுதினேன். வெறும் 'செண்ட் ஆஃப்' என்று எழுதினால் மொட்டையாக இருக்கிறதே என்று 'ஹெவிலி செண்ட் ஆஃப்' என்று எழுதினேன். நிறையச் சரக்கு, பலமாக அனுப்பியிருக்கிறோம் என்று அர்த்தம் வரும் என நினைத்தேன். மேலாளர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குடோனுக்குள் போனார். என் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் நடுவில் நின்று, நாடகம்போல உரக்கப் படித்தார். இங்கிலீஷ் தெரியாதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் எனக்கு 'ஹெவிலி சார்' என்று பெயர். "ஹெவிலி வந்தோ?" என்று விசாரிப்பார்கள். சுக்குத் தூசியில் தும்மல் வந்தால்கூட அவர்களைப் பார்த்துத் தும்ம எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் தப்பு விடுவதில்லை என்று முடிவுகட்டினேன். அகராதிகள் வாங்கினேன். ஓட்டல் மெனுவைத் திருத்தினேன், பெயர்ப் பலகைகளைத் திருத்தினேன், கல்யாணப் பத்திரிகையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கனகாவைத் திருத்தினேன். அவள் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர்ப் பக்கம். தமிழ் பேசுகிற குடும்பம்தான், ஆனால் பாதி மலையாளம் கலந்து வரும். அதனால் அவளுடைய இங்கிலீஷை மட்டுமல்ல, தமிழையும் திருத்தினேன்.

ஒருநாள் வார்டில் அவள் ஒரு மாதம் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்துபோனார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "வெஷமமா இருக்குங்க" என்றாள். "வெஷமம்னா தமிழ்ல குறும்பு. வருத்தம்னு சொல்லு" என்றேன். "வருத்தமா இருக்கு" என்று திருத்திச் சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே படவில்லை. எழுதும்போதுதான் முகத்தில் சூடு ஏறுகிறது.

"அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?"

திரையில் வந்தவர் ஒரு பெண்மணி. நான் லேப்டாப்புக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். அவசரமில்லாத குரல்.

முதல் கேள்வி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். கனகா ஆரம்பித்தாள். "ஐ ஆம் வொர்க்கிங் செவன்டீன் இயர்ஸ்" என்றதுமே எனக்கு உள்ளங்கை அரித்தது. உடனே மூன்றாம் அட்டையைத் தூக்கினேன். அவள் கண் அட்டைக்கு வந்தது. "ஐ கெட் ஆன் ரியலி வெல் வித் மை கலீக்ஸ்" என்றாள். சக ஊழியர்களோடு நன்றாக ஒத்துப்போகிறேன். சரியாக வந்தது. எனக்கு மார்பு விரிந்தது.

அடுத்து, புது நாட்டில் எப்படிச் சமாளிப்பீர்கள்? ஒன்பதாம் அட்டை. "ஐ வில் செட்டில் இன் குவிக்லி." சீக்கிரம் பழகிக்கொள்வேன். அதுவும் வந்தது. கோட்டுக்குள் அவள் தோள் இறுகியிருந்ததை நான் பார்த்தேன். படபடப்பு என்று நினைத்தேன்.

மூன்றாவதாக அந்த அம்மாள் கேட்டது, பட்டியலில் எங்கேயும் இல்லாத கேள்வி. நீங்கள் பார்த்துக்கொண்டவர்களில் கஷ்டமான ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கனகா கோட்டுக் கையை முழங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, உடைந்த இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். வார்டில் ஒரு வயதானவர். படகுத்துறையில் வேலை பார்த்தவர். ஒரு பக்கம் வாதம். "ஹி நாட் ஈட்டிங். த்ரீ டேஸ். ஐ டேக் ஸ்பூன், ஹி குளோஸ் மௌத்." மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்கிறார்.

ஒரு வாக்கியத்தில்கூட வால் இல்லை, வாலுக்குத் துணையும் இல்லை. எனக்குப் பிராணன் போயிற்று. இத்தனை மாத உழைப்பும் கண்ணெதிரே வீணாகிறதே என்று இருபத்திரண்டாம் அட்டையைத் தூக்கினேன். 'கிராஜுவலி காம் டவுன்', மெல்ல மெல்லச் சாந்தமாவது. அவள் பார்க்கவில்லை. அட்டையை ஆட்டினேன். பார்த்தாள். வாய் நின்றது. "ஹி கிராஜுவலி..." என்றாள். அதற்கு மேல் போகவில்லை. அந்தப் பெரியவர் சாந்தமே ஆகவில்லை போலிருக்கிறது, இவள் எதை வைத்து வாக்கியத்தை முடிப்பாள்?

திரையிலிருந்து அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார். அறையில் உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா?

என் முழங்காலிலிருந்து ஓர் அட்டை சரிந்து தரையில் விழுந்தது. இதற்கு என்ன பதில் என்று எங்கள் சந்தில் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிவைத்ததில்லை. நான் கையை விரித்து, இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று சைகை காட்டினேன்.

"யெஸ், மேடம். மை ஹஸ்பண்ட்" என்றாள் கனகா. "ஹி இஸ் ஹோல்டிங் கார்ட்ஸ். ஹி இஸ் கரெக்டிங் மீ."

எல்லாம் முடிந்தது என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். வந்த கோபத்தில் எழுந்து லேப்டாப்பை மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த அம்மாள் திட்டவில்லை. அவர் அங்கே இருப்பது உங்களுக்கு வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

கனகா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று எழுத ஆசைதான், கோபம் இல்லை. ஊசி போடும் முன்பு நோயாளியைப் பார்க்கிற பார்வை.

"நோ, மேடம். ஹி கேன் வெயிட் அவுட்சைட்."

வெளியே

கேமராவில் விழாமல் அறையைக் கடக்க வேண்டுமென்று நான் தவழ்ந்து போனேன். ஐம்பதைத் தொடப்போகிற மனிதன், சொந்த வீட்டில், சொந்த மேஜைக்குப் பக்கத்தில், கையில் அட்டைக்கட்டோடு நாலு காலில். வாசலில் எழுந்து நின்று கதவைச் சாத்தினேன். படியில் இறங்கினேன்.

ஜோசப் சேட்டன் பட்டறை வாசலில் பீடியோடு உட்கார்ந்திருந்தார். "எந்தா சாரே, கழிஞ்ஞோ?" முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல சேட்டா. என்னைய வெளிய அனுப்பிட்டாங்க."

"ஆரு? மதாம்மயோ?" அந்த வெள்ளைக்கார அம்மாவா என்று கேட்டார்.

"மதாம்மா இல்ல. கனகா."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது நன்னாயி" என்றார். நல்லதாய்ப் போயிற்றாம். பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "சாயா குடிக்கணோ?" என்றார்.

எனக்குச் சாயாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று படியிலேயே உட்கார்ந்தேன். மேலே அறையில் கனகா பேசிக்கொண்டிருந்தாள். சொற்கள் கேட்கவில்லை, குரல் கேட்டது. நின்று நின்று வராமல், தொடர்ச்சியாக வந்தது. ஓரிடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டில் இந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் பேசியிருப்பாள் போலிருக்கிறது, அங்கே நான் எங்கே போனேன். இருபது நிமிஷம் என்று சொன்ன நேர்முகம் முக்கால் மணி நேரம் நடந்தது.

அந்த முக்கால் மணி நேரமும் எனக்குக் கடுப்புதான், மறைக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று கடுப்பு. பட்டியல் இல்லாமல் என்ன பேசிக் கிழிக்கிறாள் என்று கடுப்பு. நடுவில் அவள் தோற்றுவிட்டால் நான் சொன்னது சரி என்றாகுமே என்று ஒரு நினைப்பும் வந்தது. வந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் தொடரை எழுதுவதில் அர்த்தமில்லை.

அவள் வெளியே வந்தாள். கோட்டு கையில். முதுகெல்லாம் ஈரம். "சேட்டா, மிஷின் போட்டுக்கோங்க" என்று கீழே பார்த்துச் சொன்னாள். என்னிடம், "குழம்பு இருக்கு, சூடாக்கிக்குங்க, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்றாள். நேர்முகத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீம்பு.

பத்து நாள் கழித்து ஏஜென்சியிலிருந்து அழைத்தார்கள். தேர்வாகிவிட்டாள். சான்றிதழ் காலாவதியாகும் முன்பே காகிதங்கள் நகர ஆரம்பித்தன. விசா வந்தது. பாலக்காட்டில் என் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிற எங்கள் மகள் வந்து, அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து டிக்கெட் போட்டாயிற்று. அதற்கப்புறம்தான் ஒரு மாலை, அவள் பெட்டியில் மிளகாய்ப்பொடிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கு அந்தப் பெரியவர் கதையை எப்படித்தான் சொல்லி முடிச்ச?"

கனகா நிமிர்ந்து பார்த்தாள். "அவரா? மூணு நாளு வாயே தொறக்கலை. மத்த சிஸ்டர்மாரெல்லாம் திட்டிப் பாத்தாங்க. நாலாம் நாளு நான் போயி கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பி..." என்றாள். அங்கே நின்றாள்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"சொல்லேன். ஏன் நின்னுட்ட?"

"இல்ல, நீங்க ஏதாவது சொல்லுவீங்கல்லா. அதுக்கு நின்னேன்."

பதினெட்டு வருஷமாக அவள் பேச்சு பாதியில் நிற்கும். மீதி சொல்லத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலை. நீ சொல்லு" என்றேன்.

சொன்னாள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பி, தட்டை அவருடைய வாதம் தொடாத இடது கைப்பக்கம் வைத்து, ஸ்பூனை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அவளும் வெளியே போய்க் கதவருகே நின்றாளாம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தட்டு நகர்கிற சத்தம். பாதி சோறு மேலேயும் கட்டிலிலும் சிந்தினாலும், மனிதர் தன் கையால் சாப்பிட்டாராம். படகுத்துறையில் அவர் என்ன வேலை பார்த்தார், அவர் பெண்சாதி எப்படி இறந்தாள், வார்டை விட்டுப் போகும்போது இவளிடம் என்ன கேட்டார், எல்லாம் சொன்னாள். பாதி மலையாளம், பாதி தமிழ். மிளகாய்ப்பொடி விரலை அடிக்கடி பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் வாயால் நான் முழுதாகக் கேட்ட முதல் கதை அதுதான்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் விமானம் ஏறினாள்.